வலப்பக்கம் யாருமில்லை

சனிக்கிழமை காலை வந்திருந்தவர்கள் இவர்கள். பந்திக்கூடத்தின் நடுவே விரித்த பாயில் இளவரசி. அவளுக்குப் பின்னால், கால்கள் இரண்டையும் மகளுக்கு இருபுறமும் நீட்டிச் சாய்மானம் போல உட்கார்ந்திருந்தவள் அம்மா காந்திமதி. இடப்பக்கம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா வெங்கடாசலம், மத்தியான டூட்டிக்குப் போகவேண்டிய காக்கிச் சட்டையோடு. எதிர்ச்சுவரோரம் சக்கர நாற்காலியில் பூவரசன். அவன் காலடியில் அவன் அம்மா கலைப்பிரியா. ஜன்னலுக்குக் கீழே, மகள் ரோஜாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஓட்டும் ஆரோக்கியராஜ். பாட்டுப் போடுகிற போன் அவர் பொறுப்பு. நடனம் சொல்லித்தருகிற சங்கவி டீச்சர் எங்கேயும் உட்காரவில்லை. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வலப்பக்கம் யாருமில்லை. அந்தப் பக்கம் சாப்பிட்டவர்கள் கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கிற சின்னக் கல்யாண மண்டபம் அது. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் பந்திக்கூடத்தைத் திறந்துவிடுவார்கள். அண்டாக்களை உருட்டிக்கொண்டு போவதற்காகப் போட்ட சரிவு, சக்கர நாற்காலிக்கும் வாகாக இருந்தது. எவ்வளவு கழுவினாலும் தரையிலிருந்து சாம்பார் வாசனை போகாது. ரோஜா உள்ளே வந்ததும் அப்பளம் கேட்பாள்.

யார் எங்கே உட்காருவது என்பதை முந்தின வாரமே காந்திமதி எழுதி விழுப்புரத்துக்கு அனுப்பிவிடுவாள். சங்கவி டீச்சருக்கு ஊர் விழுப்புரம். போனில் வந்தால் அவளுக்கு ஆகாது. காகிதத்தில் வந்தால்தான் சுவரில் ஒட்டி, நின்றபடியே பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, இந்த வாரம் யார் எப்படி ஆடலாம் என்று யோசிப்பாள். காந்திமதிக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். கவரை வெங்கடாசலத்தின் தோல்பையில் போட்டுவிட்டால், அவர் கண்டக்டராக இருக்கிற பஸ்ஸே அதை விழுப்புரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தபால்தலைக்கு வேலையில்லை.

உட்காருகிற இடத்துக்கு ஏன் இத்தனை பாடு என்றால், அந்த நடனமே அதில்தான் இருந்தது.

இளவரசிக்கு ஒன்பது வயது. பிறக்கிறபோது மூச்சுக்குத் தவித்ததில் மூளையில் எங்கோ ஓர் இழை அறுந்துவிட்டது. மூளை முடக்குவாதம் என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருக்கும். கையை நீட்டு என்றால் கை நீளாது. நீட்ட நினைக்க நினைக்க இன்னும் இறுகிக்கொள்ளும். ஆனால் தலை ஒரு பக்கம் திரும்பினால், அந்தப் பக்கத்துக் கை தானாக நீளும், மறுபக்கத்துக் கை தானாக மடங்கும். வில் வளைக்கிறவர்கள் நிற்பதுபோல. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் இதைப் படம் போட்டு விளக்கியபோது, கூட வந்திருந்த சங்கவி அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“அப்ப, அவ யாரத் தேடிப் பாக்கறாளோ அவங்க பக்கம் கை தொறக்குதுன்னு சொல்லுங்க” என்றாள் பிறகு.

அப்படியும் சொல்லலாம் என்று அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் ஒரே பக்கமாக விட்டுவிடாதீர்கள், வலப்பக்கமும் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து சங்கவி குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதை விட்டாள். சுற்றி இருக்கிறவர்களை இடம் மாற்றி உட்காரவைக்க ஆரம்பித்தாள். பூவரசனின் கைகள் எந்நேரமும் தண்ணீருக்குள் பாசி அலைவதுபோல் அலைந்துகொண்டிருக்கும். அவன் அம்மாவைக் காலடியில் உட்காரவைத்தால் அந்த அலைச்சல் அவள் தலைமேல் இறங்கி நிதானப்படும். ரோஜாவுக்கு அப்பாவின் நெஞ்சுதான் மேடை. இளவரசிக்கு இடப்பக்கம் வெங்கடாசலம். அப்பாவைத் தேடித் தலை திரும்பும். ஒரு பாட்டு முடிகிற நேரம் ஆகும் அதற்கு. இடது கை மெல்ல மெல்ல, சூரியனைப் பார்த்துப் பூ திரும்புவதுபோல, தோளில் தொடங்கி முழங்கைக்கு வந்து, கடைசியில் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து அப்பாவின் காக்கிச் சட்டையை நோக்கி நிற்கும். கூடத்தில் மின்விசிறிச் சத்தமும் குழாய் சொட்டுகிற சத்தமும் போனிலிருந்து வருகிற தம்பூராவும் ஒன்றாகக் கலந்து, எல்லாரும் தண்ணீருக்கடியில் இருக்கிறாற்போல இருக்கும்.

அந்த ஆட்டத்தைப் பார்க்காதவள் ஒருத்தி உண்டென்றால் அது காந்திமதிதான்.

பின்னால் உட்கார்ந்து தாங்குகிறவளுக்கு என்ன தெரியும்? எண்ணெய் வைத்து வாரின பின்னந்தலை தெரியும். காதோரத்து மச்சம் தெரியும். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக இளகுவது தன் வயிற்றில் தெரியும். முகம் தெரியாது. கலைப்பிரியா ஆட்டத்தைப் போனில் படம் பிடித்துக் கொடுத்திருந்தாள்; காந்திமதி அதைப் பார்க்காமல் இல்லை. அதில் இளவரசி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குக் காட்டிய முகம். ஊட்டுகிறவள், குளிப்பாட்டுகிறவள், ராத்திரி கால் இழுத்துக்கொண்டால் நீவிவிடுகிறவள் எல்லாம் இவள்தான். அந்த ஒரு முகத்தை ஒரு தடவை தனக்கென்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், சாய்மானத்துக்கு வேறு யாரை வைப்பது? வேறு யார் பிடித்தாலும் இளவரசி கட்டையாக விறைத்துவிடுவாள்.

முக்கியமாக வெங்கடாசலம் பிடிக்கவே முடியாது. அவருக்கு வாய்த்த குரல் அப்படி. பஸ் நிலையத்தில் அவர் “விழுப்பரம் விழுப்பரம் விழுப்பரம்” என்று மூன்று முறை கூவினால் எதிர்ச்சாரியில் டீ ஆற்றுகிறவர் கை நிற்கும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இவர் பக்கத்தில் நின்று ஒருமுறை தும்மியதற்கே இளவரசியின் கைகள் இரண்டும் பறவை பயந்து எழும்புவதுபோல் மேலே எகிறி, அரைமணி நேரம் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டில் வாய் திறப்பதே அபூர்வம். வேண்டியதைச் சைகையில் கேட்பார். மகளைத் தூக்குவதுமில்லை, தூக்கினால் ஏதாவது சொல்ல வாய் வந்துவிடுமே என்ற பயம்.

“இன்னா கண்டக்டரே, ஊட்லதான் விசிலு ஊதக் கூடாது, ஒரு வார்த்த பேசவுமா டிக்கெட் கேக்கறாங்க காந்திக்கா?” என்று கலைப்பிரியா சீண்டுவாள். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை ஓர் இஞ்சு நகர்த்திப் போட்டுக்கொள்வார்.

ஆனால் இளவரசியின் உடம்பு முதன்முதலில் இளகியது அவர் பஸ்ஸில்தான். முண்டியம்பாக்கம் போகிற நாட்களில் காந்திமதி அவளை மடியில் வைத்து மூன்றாவது வரிசையில் உட்காருவாள். வண்டி ஊரைத் தாண்டி ஒரே சீராக ஆடிக்கொண்டு போகும்போது, இறுகியிருந்த முஷ்டி ஊறவைத்த மல்லாட்டைக் கடலைபோல நெகிழும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தலை அம்மாவின் தோளில் சரியும். இதைச் சங்கவியிடம் சொன்னவள் காந்திமதிதான். அதனால் பாயில் உட்கார்ந்தாலும் அவள் பஸ்ஸைப்போலவே லேசாக ஆடிக்கொடுப்பாள். அந்த ஆட்டத்தின்மேல்தான் மகளின் ஆட்டம் ஏறி வரும்.

வலப்பக்கத்துக்கும் முயற்சி செய்யாமலில்லை. மணி அடித்துப் பார்த்தார்கள். அகல்விளக்கு வைத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியராஜ் ஒருநாள் அவள் ஆசையாகச் சாப்பிடுகிற தேங்காய் பன்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நடுவரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அதனால் காந்திமதியின் கடிதத்தில் வாராவாரம் அந்த வரி மாறாமல் இருந்தது: வலப்பக்கம் யாருமில்லை.

தை முடிந்து மாசியில் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் குழந்தைகள் விழா வைத்தார்கள். சங்கவி இவர்கள் மூன்று பேரையும் ஆட வைக்கக் கேட்டிருந்தாள். விழாக்குழு சரியென்று சொல்லிவிட்டது. மேடைக்குச் சரிவு போட்டார்கள். ஆரோக்கியராஜின் ஆட்டோவில் ரோஜாவும் பூவரசனும் கலைப்பிரியாவும் வந்தார்கள். வெங்கடாசலம் அன்று லீவு போட்டு, தன் பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு, மனைவி மகளோடு பயணியாக வந்தார். வேறொருவர் விசில் ஊத, இவர் எந்தப் பக்கம் கம்பியைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

சாயங்காலம் வெயில் தணிந்து, மேடையில் மஞ்சள் விளக்கு போட்டபோது மைதானத்துத் தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது. மேடையின் இடது ஓரத்தில் ஒரே ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தாள் சங்கவி. வெங்கடாசலம் அதில் தன் துண்டைப் போட்டுவைத்தார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களிடம், துண்டுக்கெல்லாம் டிக்கெட் இல்லை என்று தினமும் மல்லுக்கட்டுகிற மனுஷர் அவர். தனக்கென்று அவர் துண்டு போட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது நிகழ்ச்சியாக இவர்கள் ஆட்டம் தொடங்கியபோது விருத்தாசலம் ஐயா வந்தார். விழாக்குழுவில் மூத்தவர், முழங்கால் வலிக்காகத் தடி ஊன்றி நடக்கிறவர். மேடையேறி எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு உட்கார இடம் பார்த்தார். விருந்தினர் வரிசை நிறைந்திருந்தது. வயசானவர் ஒருவர் நிற்பதைக் கண்டதும் வெங்கடாசலத்தின் கை தானாகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டது.

“ஒக்காருங்க சார்” என்று சொல்லியே விட்டார்.

வருஷக்கணக்காக அடுத்தவர்களை எழுப்பி, நிற்க முடியாதவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்த பழக்கம் அது. ஐயா மகராசனாக இரு என்று சொல்லி உட்கார்ந்து, தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். அப்புறம்தான் வெங்கடாசலத்துக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. உட்கார்ந்துவிட்ட பெரியவரை எழுந்திருங்கள் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, சங்கவிக்கும் வரவில்லை, ஆரோக்கியராஜுக்கும் வரவில்லை. அதற்குள் மைக் ஒருமுறை கீச்சிட்டது. பாயில் இருந்த இளவரசியின் கைகள் மேலே எகிறின. இடப்பக்கம் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு வெள்ளை மீசை அவளைப் பார்த்து அன்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அவள் முதுகு காந்திமதியின் வயிற்றில் பலகையாக இறுகியது.

பூவரசன் ஆடி முடித்திருந்தான். ரோஜாவுடையதும் முடியப்போகிறது. சங்கவி குனிந்து, இன்றைக்கு வேண்டாம் அக்கா, விட்டுவிடலாம், குழந்தை கஷ்டப்படுகிறாள் என்று காதோடு சொன்னாள். அவள் சொன்னது நியாயம்தான். காந்திமதியும் தலையசைக்கத்தான் இருந்தாள். அப்போது, மேடையின் படியில் துண்டைக் கையில் கசக்கிக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே நிற்கிற அந்த நேரத்திலும் அவர் உடம்பு லேசாக, கால் மாற்றிக் கால் மாற்றி, எதையும் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில்லாத இடத்திலும் பஸ்ஸில் நிற்கிறவர் அவர். வீட்டில் உலை கொதிக்கக் காத்து நிற்கும்போதும் அப்படித்தான் ஆடுவார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற ஆட்டம். அன்றுதான் கண்ணில் பட்டது.

கையசைத்து அவரைக் கூப்பிட்டாள். “இங்க வந்து பின்னாடி ஒக்காருங்க.”

அவர் மிரண்டுபோனார். “நான் புடிச்சா வெறச்சிக்குவா காந்தி. ஒனக்குத் தெரியாதா?”

“பேசாதீங்க. பஸ்ல எப்டி நிப்பீங்களோ, அப்டியே ஒக்காந்துக்கினு ஆடுங்க. அவ்ளோதான்.”

ஒருவர் எழ ஒருவர் உட்கார, இடையில் ஒரு கணம் இளவரசி யார் மேலும் சாயாமல் இருந்தாள். பிறகு காக்கி இல்லாத, வெள்ளைச் சட்டை போட்ட அப்பாவின் நெஞ்சு பின்னால் வந்தது. காந்திமதிக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. இடப்பக்கம் ஐயா இருந்தார். முன்னால் போனால் கூட்டத்துக்கு மறைக்கும். காலியாக இருந்தது வலப்பக்கம் ஒன்றுதான். போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

ஆரோக்கியராஜ் தம்பூராவைப் போட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வெங்கடாசலம் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டார். அப்புறம் ஆட ஆரம்பித்தார். காந்திமதி ஆட்டுவதுபோல் ஒரே தாளத்தில் இல்லை அது. பஸ் நிலையத்திலிருந்து வண்டி வெளியே வருகிற அந்த மெதுவான வளைவு. மேம்பாலத்தில் ஏறுகிற சாய்வு. அப்புறம் நெடுஞ்சாலையின் நீளமான, சலசலப்பில்லாத ஓட்டம். காந்திமதி கண்டுகொண்டாள். அவர் வழியைச் சொல்லிக்கொண்டு போகிறார். வாயால் இல்லை. இதோ கூட்டேரிப்பட்டு, ஆள் இறங்க வண்டி ஓரம் கட்டுகிறது, மயிலம் போகிற சனம் இறங்குகிறது, மறுபடியும் கிளம்புகிறது. இருபக்கமும் கரும்பும் நெல்லும் சாயங்கால வெளிச்சத்தில் பின்னோக்கி ஓடுவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மேடை நகர்ந்தது. மஞ்சள் விளக்குகள் எதிரே வந்து கடந்து போயின. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியின் வேகத்தடையில் அவர் தோள் ஒருமுறை எழும்பி இறங்க, கூடவே இளவரசியின் தோளும் எழும்பி இறங்கியது. இறங்கியபோது அதில் இறுக்கம் இல்லை.

அவள் அம்மாவைத் தேட ஆரம்பித்தாள்.

பின்னால் இருக்கவேண்டிய அம்மா பின்னால் இல்லை. வாசனை வேறாக இருக்கிறது. தலை முதலில் இடப்பக்கம் போய், வெள்ளை மீசையைப் பார்த்து, வேண்டாமென்று திரும்பியது. நடுவுக்கு வந்தது. நின்றது. எப்போதும் அங்கிருந்துதான் திரும்பிப் போகும். காந்திமதி கூப்பிடவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும்போது மகளின் வலது காதில்தான் அவள் தினமும் ஏதாவது முணுமுணுப்பாள். அந்தப் பக்கம்தான் அம்மா இருப்பாள் என்று அந்தக் காதுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. தலை நடுவைத் தாண்டியது. கொஞ்சம்தான். மறுபடி நின்றது. இன்னும் கொஞ்சம். வலது தோள் நெகிழ்ந்தது. ஒருபோதும் நீளாத அந்த வலது கை முழங்கைவரை வந்து, நடுங்கி, அங்கேயே நின்றுகொண்டது. விரல்களில் மூன்று திறந்தன.

அப்போது முகம் தெரிந்தது.

நாக்கு நுனி உதட்டோரத்தில் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது வெங்கடாசலத்துக்கு வருகிற அதே நாக்கு நுனி. ஆடும்போது மகளுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டென்று காந்திமதிக்கு இதுவரை தெரியாது. போன் படத்தில் அவ்வளவு சின்னது கண்ணில் படவில்லை. கண்கள் அம்மாவின் மேல் வந்து நின்றன. சிரிக்கவில்லை. நீ ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்கிறாற்போல, தெரிந்த ஒருத்தியைத் தெரியாத ஊரில் பார்த்துவிட்டாற்போல ஒரு பார்வை. பார்த்துக்கொண்டே இருந்தாள். காந்திமதியும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரத்துக்குள் நுழைகிறவரை அந்தக் கை இறங்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் கைதட்டியது. முழுதாக நீளாத ஒரு கையைப் பார்த்து அவர்களுக்கு என்ன தெரியும்? அறிவிப்பாளர் அடுத்த பள்ளியின் கோலாட்டத்துக்குப் போய்விட்டார். விருத்தாசலம் ஐயா தடியை ஊன்றி எழுந்து வந்து, பாப்பா நல்லா உட்கார்ந்திருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார். சங்கவி பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கலைப்பிரியா அதைப் பார்த்து, “யக்கா, டீச்சர் ஒக்காந்துட்டாங்க” என்றாள் மெதுவாக.

திரும்புகிற பஸ்ஸில் இளவரசி அப்பாவின் மடியிலேயே தூங்கினாள். திண்டிவனத்தில் இறங்குகிற சமயம் அவர் மனைவியின் பக்கம் சாய்ந்து, “விக்கிரவாண்டி பிரேக்கர்ல கொஞ்சம் ஜாஸ்தி தூக்கிட்டேனா?” என்று கிசுகிசுத்தார்.

இல்லை, சரியாக இருந்தது என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இளவரசி வலப்பக்கம் திரும்பவில்லை. பந்திக்கூடத்தின் சிவப்பு நாற்காலி காலியாக இருந்தும் தலை அந்தப் பக்கமே போனது. அப்பா பின்னால் ஆடிக்கொண்டிருந்தார். அம்மா குழாய்களுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து புடவையை நனைத்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு தடவை நடுவைத் தாண்டியதுபோல் இருந்தது. ஈயைப் பார்த்தாளோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலை காந்திமதி கடிதம் எழுத உட்கார்ந்தாள். எப்போதும்போலத் தேதி போட்டாள். அன்புள்ள சங்கவி டீச்சருக்கு வணக்கம் என்று எழுதினாள். இங்கு அனைவரும் நலம், பூவரசனுக்குச் சளி, இந்த வாரம் வருவான் என்று நம்புகிறோம். பிறகு யார் எங்கே என்பதை எழுதினாள். நடுவில் பாயில் இளவரசி. பின்னால் அவள் அப்பா. எதிரே பூவரசனும் அவன் அம்மாவும். ஜன்னலுக்குக் கீழே ரோஜாவும் ஆரோக்கியராஜ் அண்ணனும். இடப்பக்கம் நாற்காலி வேண்டாம், எடுத்துவிடலாம். அடுத்த வரிக்கு வந்ததும் பேனா பழக்கத்தில் ‘வலப்பக்கம்’ என்று எழுதிவிட்டு நின்றது. வெளியே வெங்கடாசலம் டூட்டிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

‘தரையில் நான். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், இனி ஒவ்வொரு வாரமும் அங்கேதான் இருப்பேன். முடிந்தால் அந்தக் குழாயைச் சரிசெய்யச் சொல்லவும்.’

நான்காக மடித்துக் கவரில் போட்டாள். இளவரசிக்குப் பிசைந்து வைத்திருந்த குழைந்த சோற்றில் இரண்டு பருக்கை எடுத்து ஓரத்தில் தேய்த்து ஒட்டினாள். அதற்குள் அவர் கிளம்பிப் போயிருந்தார். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்தாள். வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் கவரை வாங்கித் தோல்பையில், டிக்கெட் மிஷினுக்குப் பின்னால் செருகினார். மகள் இருக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, வலிக்காமல் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. கூட்டேரிப்பட்டில் அது ஓரம் கட்டும்போது கடிதம் பைக்குள் ஒரு பக்கமாகச் சாயும். விக்கிரவாண்டியில் ஒருமுறை எழும்பி இறங்கும்.